முப்பது வாக்கியம்

வாத்தியாருக்குக் கண் போய்விட்ட விஷயம் மூன்று பேருக்குத்தான் தெரியும். கண் டாக்டருக்குத் தெரியும், வாத்தியாருக்குத் தெரியும், வாத்தியாரின் மனைவிக்குத் தெரியும். டாக்டர் அதைச் சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். வாத்தியார் அதைக் கேட்டுவிட்டுக் கேட்காதது மாதிரி எழுந்து வந்துவிட்டார். மிச்சமிருந்தவள் தலையில்தான் எல்லாம் வந்து விழுந்தது.

சர்க்கரை வியாதி செய்த வேலை அது. விழிக்குள்ளே ரத்தம் கசிந்து காய்ந்துபோயிருக்கிறது, போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றப் பார்ப்போம் என்றார் டாக்டர். இருப்பது என்றால், ஜன்னல் எந்தப் பக்கம் என்று தெரியும், எதிரே ஆள் நின்றால் நிழலாகத் தெரியும். எழுத்து மட்டும் சுத்தமாகத் தெரியாது. எழுத்தை வைத்துப் பிழைக்கிற மனுஷனுக்கு எழுத்துத் தெரியவில்லை என்பதை வெளியே சொன்னால் அடுத்த நாள் வேலை இருக்காது. சொல்லாமல் இருப்பதோ முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதை. ஆனாலும் மறைத்தார்கள். பாதிக்கு மேல் மறைத்தது அவள்தான்.

அவர் சொல்லிக்கொடுத்த டுடோரியல் ஒரு டயர் கடைக்கு மேலே மாடியில் இருந்தது. பகலெல்லாம் எங்கேயோ வேலை பார்த்துவிட்டு, குமாஸ்தா பரீட்சை எழுதி நாற்காலியில் உட்கார்ந்துவிட மாட்டோமா என்ற ஆசையில் சாயங்காலம் படியேறி வருகிறவர்கள்தான் அங்கே மாணவர்கள். பஸ் கண்டக்டர் ஒருவர், ஆஸ்பத்திரி ஆயா ஒருத்தி, கடைகளில் பில் போடும் பெண்கள், இன்னும் இப்படிப் பலர். வாத்தியார் அவர்களுக்கு இங்கிலீஷ் இலக்கணம் எடுத்தார். எதைச் சொன்னாலும் ‘அதாவது’ என்று தொடங்குவதால் அவருக்கு ‘அதாவது சார்’ என்று பெயர். அந்தப் பெயர் அவருக்குத் தெரியும், பெருமையும் உண்டு.

அவருடைய கைவரிசையெல்லாம் இங்கிலீஷ் வாக்கியத்தைக் கிளாஸ் கிளாஸாகப் பிரிப்பதில். ஒரு பெரிய வாக்கியத்துக்குள்ளே ஒரு குட்டி வாக்கியம் ஒண்டிக் கிடக்கும். தனியாக வெளியே இழுத்துவிட்டால் அதற்கு அர்த்தம் முழுசாக வராது. சப்ஆர்டினேட் கிளாஸ் என்று அதற்குப் பெயர். அந்தக் குட்டி அங்கே என்ன வேலை பார்க்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். பரீட்சையில் பாதிப் பேர் குப்புற விழுவது இங்கேதான். வாத்தியார் அதை மூன்று கேள்வியில் அடக்கி வைத்திருந்தார். ‘என்ன’ என்று கேட்டால் பதில் வருகிறதா, அது நௌன். ‘எந்த’ என்று கேட்டால் பதில் வருகிறதா, அட்ஜெக்டிவ். எப்போ, எங்கே, ஏன், எப்படி, எவ்வளவு என்பதற்கெல்லாம் பதில் வந்தால் அட்வெர்ப். “அதாவது, முதல் வார்த்தையைப் பார்த்து ஏமாறாதே. அது என்ன சட்டை போட்டிருக்குன்னு பார்க்காதே, என்ன வேலை செய்யுதுன்னு பாரு” என்பார். கண் போன பிறகும் இதைச் சொல்வதில் அவருக்கு ஒரு குறையும் வரவில்லை. கரும்பலகையில் எழுதுவதுதான் முடியவில்லை. அதற்கும் வழி கண்டுபிடித்தார். “நீயே வந்து எழுது, எழுதினாத்தான் மண்டையில ஏறும்” என்று ஆள் ஆளாகக் கூப்பிட்டு எழுத வைத்தார். சார் புது முறையில் பாடம் எடுக்கிறார் என்று மாணவர்கள் பேசிக்கொண்டார்கள்.

அவளுக்கு வேலை ஒரு சலவை நிலையத்தில். கம்பெனிகளின் சீருடைச் சட்டைகள் மூட்டை மூட்டையாக வரும். கறைகளைப் பார்த்து ஒருத்தி இங்கிலீஷ் எழுத்துப் போட்ட துண்டுச் சீட்டைக் குத்தி அனுப்புவாள், எண்ணெய்க்கு ஒரு எழுத்து, மைக்கு ஒரு எழுத்து. துவைத்துக் காய்ந்தது இவளிடம் வரும். நீராவிப் பெட்டியின் முன்னால் நின்று காலால் மிதியை அழுத்த வேண்டும், புஸ்ஸென்று ஆவி கிளம்பும், முதலில் காலர், பிறகு கைப்பட்டை, கை, தோள், கடைசியில் உடம்பு. மடித்து உள்ளே ஒரு அட்டை வைத்து அடுக்க வேண்டும். மிதித்து மிதித்து வலது கெண்டைக்காலில் நரம்பு முடிச்சுப் போட்டுக்கொண்டு நிற்கும். உட்கார அங்கே ஸ்டூல் கிடையாது, உட்கார்ந்தால் வேலை ஓடாது என்பது முதலாளியின் கொள்கை. வாத்தியார் மனைவி என்பதால் அங்கே எல்லாரும் அவளை டீச்சரம்மா என்று கூப்பிட்டார்கள். எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு அது கேலியா மரியாதையா என்று புரியாமல், இரண்டையும் சேர்த்தே வாங்கிக்கொண்டாள்.

வேலை விட்டதும் வீட்டுக்கு ஓடுவாள். அவருக்கு ரொட்டியும் வேகவைத்த முட்டையும் கொடுத்து, மாத்திரை கொடுத்து, சட்டைப் பொத்தான் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கிளப்புவாள். தெருவில் இரண்டு பேரும் பேசிக்கொண்டே போகிற புருஷன் பெண்டாட்டி மாதிரி ஒட்டி நடப்பார்கள். பேச்சில் பாதி “பள்ளம்”, “சைக்கிள் வருது”, “படி” என்பதாக இருக்கும். டயர் கடை வாசலில் அவரை ஏற்றிவிட்டு, ஏதோ வாங்க வந்தவள் மாதிரி அங்கேயே சுற்றிக்கொண்டிருப்பாள். வகுப்பு முடிந்து அவர் இறங்கும்போது தற்செயலாக எதிரே வருவாள். “தினம் என்னக்கா வாங்கறே, டயரா?” என்று பக்கத்துக் கடைப் பெண் ஒருநாள் கேட்டாள். ஆமாம், எங்க வீட்டு வண்டிக்கு என்று சொல்லிச் சமாளித்தாள்.

சலவை நிலையத்தில் பக்கத்து மேஜைக்காரி ஒருத்திதான் கொஞ்சம் மோப்பம் பிடித்தாள். ஏன்கா இப்படி வத்திப் போயிட்டே, வீட்டுல என்ன என்று இரண்டு மூன்று தடவை கேட்டுப் பார்த்தாள். ஒன்றுமில்லை என்று சொல்லிச் சொல்லி, அந்த ஒன்றுமில்லையைச் சொல்வதே ஒரு வேலையாகிவிட்டது. உண்மையில் அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம் வரவில்லை, எங்கேயாவது உட்கார வேண்டும் என்று மட்டும்தான் இருந்தது.

இந்த லட்சணத்தில்தான் பரீட்சை வந்தது.

டுடோரியலில் உள் தேர்வு ஒன்று உண்டு. அதில் பாதி மார்க் வாங்கினால்தான் பெரிய பரீட்சைக்கு டுடோரியல் பெயர் அனுப்பும். கிளாஸ் பிரிக்கிற தாளில் முப்பது வாக்கியம். வாத்தியார் சேர்ந்த புதிதில் அவரே யோசித்து எழுதிய முப்பது, அன்றிலிருந்து இன்றுவரை அதே முப்பது, அதே வரிசை. அவருக்கு அது பெண்டாட்டி பெயர் மாதிரி மனப்பாடம்.

விடைத்தாள் கட்டை வீட்டுக்கு எடுத்து வந்தார்கள். திருத்துகிற முறையை அவர்தான் வகுத்தார். அவர் கட்டிலில் சாய்ந்துகொண்டு ஒன்று முதல் முப்பது வரை சொல்லச் சொல்ல, அவள் சலவை நிலையத்தில் எடுத்த சட்டை அட்டை ஒன்றில் வரிசையாக எழுதிக்கொண்டாள். நௌனுக்கு ஒரு எழுத்து, மற்ற இரண்டுக்கும் ஆளுக்கு மூன்று எழுத்து. அட்டையை விடைத்தாளின் ஓரமாக வைத்து, ஒத்துப்போனால் சரி, ஒத்துப்போகாவிட்டால் தப்பு. கறைச் சீட்டு பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது பெரிய காரியமில்லை.

சொல்லும்போது அவர் சும்மா சொல்லவில்லை, ரசித்துச் சொன்னார். “ஒண்ணு, வாட் ஹி செட் வாஸ் ட்ரூ. நௌன்.” அவள் எழுதிக்கொண்டே மேலே கிடந்த கேள்வித்தாளைப் பார்த்தாள். ‘வாட்’ என்றால் தொடக்கத்தில் கோணல் கோணலாக ஒரு எழுத்து வரும் என்று அவளுக்குத் தெரியும், தண்ணீர்க் கறைச் சீட்டில் அதே எழுத்துதான். கேள்வித்தாளின் முதல் வரி ஒற்றைக் கோட்டில் தொடங்கியது. பேனா ஒரு நிமிஷம் நின்றது. கேட்கலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. அவர் அதற்குள் மூன்றாவது வாக்கியத்துக்குப் போயிருந்தார். நிறுத்தினால் வாத்தியார் கோபித்துக்கொள்வார், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், கட்டு முழுசாக மேஜையில் கிடக்கிறது, கெண்டைக்காலில் யாரோ முறுக்குகிற மாதிரி வலி. வாத்தியாருக்குத் தெரியாததா என்று எழுதிக்கொண்டே போனாள்.

மார்க் கூட்டிப் பார்த்தபோது எல்லாருக்குமே பாதாளத்தில் கிடந்தது. எப்போதும் நன்றாக எழுதுகிற ஆஸ்பத்திரி ஆயாவுக்கும் பத்தைத் தாண்டவில்லை. எல்லாருக்கும் குறைகிறதே என்று அவள் சொன்னாள். இந்த வருஷம் வந்த கூட்டமே சோம்பேறிக் கூட்டம் என்றார் அவர். அவள் கட்டைக் கட்டி வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள்.

நடந்தது இதுதான். போன வருஷம் எழுதியவர்கள் இந்த வருஷத்துக்காரர்களுக்கு விடை வரிசையைச் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள் என்று டுடோரியல்காரருக்குச் சந்தேகம் வந்து, முப்பது வாக்கியத்தையும் கலைத்துப்போட்டு அச்சடித்துவிட்டார். வரிசை மாறியதைத் தட்டச்சு செய்து ஆசிரியர் அறைப் பலகையில் ஒட்டியும் வைத்தார். மற்ற ஆசிரியர்கள் போகவர அதைப் படித்தார்கள். நம் வாத்தியார் அதன் கீழேயே தினமும் குடையைச் சாத்தி வைத்தார்.

ஆயா விடைத்தாளைக் கேட்டு வாங்கி, டுடோரியல்காரரிடமே போய் உட்கார்ந்துவிட்டாள். அவருக்குப் பிரின்சிபால் என்று கூப்பிட்டால்தான் பிடிக்கும். பிரின்சிபால் ஒரு தாளை எடுத்துத் தானே திருத்திப் பார்த்து, இன்னொன்றைத் திருத்திப் பார்த்து, வாத்தியாரை வரச்சொல்லிப் போன் செய்தார். அன்று சனிக்கிழமை, அவளுக்கு அரை நாள். கூடவே போனாள். வழக்கமாக டயர் கடையோடு நிற்கிறவள் அன்று மேலே வரைக்கும் ஏறினாள்.

பிரின்சிபால் கத்துகிற ஆள் இல்லை. இரண்டு பேரையும் உட்காரச் சொன்னார். அவள் உட்கார்ந்தாள், உட்கார்ந்ததும் எதற்காக வந்தோம் என்பதுகூட ஒரு கணம் மறந்தது. வரிசை மாறினதைப் பார்க்கவில்லையா சார், எல்லாத் தாளும் பழைய வரிசைப்படி திருத்தியிருக்கே என்று அவர் கேட்டார். கீழே டயருக்குக் காற்றடிக்கிற சத்தம் கேட்டது.

“அதாவது, எனக்கு அன்னிக்கு ஜுரம்” என்றார் வாத்தியார். “திருத்த வேண்டியது நான்தான். பார்த்து மார்க் போடச் சொல்லி என் வீட்டுக்காரிகிட்ட குடுத்தேன். அவ பழைய அட்டையை எடுத்து வெச்சுப் பார்த்துட்டா. படிக்காதவ, அவளுக்கு என்ன தெரியும்.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பிரின்சிபால் அவளைப் பார்ப்பது தெரிந்தது. படிக்காதவ என்பது பொய்யில்லை. மற்றதெல்லாம் பொய். கல்யாணமான இத்தனை காலத்தில் அவர் அவளை அடித்ததில்லை, வைததுகூட அதிகமில்லை. இப்போது அடித்த மாதிரி இருந்தது.

போகட்டும், மனுஷத் தப்புதானே என்றார் பிரின்சிபால். மறுபடி தானே திருத்தி மார்க் போட்டுவிடுவதாகவும், எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது, எல்லாரும் சமாதானமாகிவிட்டார்கள் என்றும் சொன்னார். ஒருவரைத் தவிர.

“அந்த கேட் வாட்ச்மேன் இருக்காரே சார், பெரியப்பா. மார்க்கைப் பார்த்த அன்னிக்கே சர்டிஃபிகேட் எல்லாம் திருப்பி வாங்கிட்டுப் போயிட்டார். நான் போன் பண்ணி, தப்பு நடந்துபோச்சு, மறுபடி திருத்தி மார்க் போடறேன்னு சொல்றேன். ‘பாவம் பார்த்துப் போடற மார்க் எனக்கு வேணாங்க’ன்னு வெச்சுட்டார். திங்கக்கிழமை சாயங்காலத்தோட பேர் குடுக்கக் கடைசி. அவருக்கு இதோட பரீட்சை எழுதற வயசும் முடிஞ்சுது.”

பெரியப்பா என்பது வகுப்பில் பிள்ளைகள் வைத்த பெயர். நாற்பதைத் தாண்டியவர், குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் வாசல் காவல். சீருடையோடு வந்து கடைசி பெஞ்சில் உட்காருவார். அதே கிடங்கில் உள்ளே ஒரு குமாஸ்தா இடம் காலியாக இருந்தது. பரீட்சை தேறினால் வெயிலிலிருந்து நிழலுக்குப் போகலாம் என்று மூன்று வருஷமாகப் படியேறுகிற ஆள். வகுப்பு விட்டு இறங்கும்போது அவளைப் பார்த்தால் ஒதுங்கி வழிவிட்டு, “வணக்கம்மா” என்பார். டயர் கடை வாசலில் நிற்கிறவளுக்கு வணக்கம் சொன்ன ஒரே மனிதர் அவர்தான்.

வீடு வரைக்கும் அவள் ‘பள்ளம்’ என்றும் ‘படி’ என்றும் மட்டும் சொன்னாள். வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்துத் தண்ணீர் வைத்தாள். தண்ணீர் கொதித்தது, அவள் தேயிலை போடாமல் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“வேற வழி தெரியல” என்றார் அவர் உள்ளேயிருந்து. “உன் மேல போட்டா உனக்கு ஒண்ணும் போகாது. என் மேல போட்டா வேலை போகும்.”

“எனக்கு ஒண்ணும் போகாதா?”

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

“நான் பார்த்தேங்க” என்றாள். “நீங்க முதல் வாக்கியம் சொன்னப்பவே பார்த்தேன். அங்க வேற எழுத்து இருந்துச்சு. தெரிஞ்சுதான் பேசாம இருந்தேன்.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா மறுபடி முதல்லேர்ந்து பார்க்கணும். எனக்கு முடியல. கால் முடியல, கண்ணு முடியல, உங்களுக்குப் பதில் சொல்ல முடியல. யார் எப்படிப் போனா என்னன்னு விட்டுட்டேன். அந்த மனுஷன் இப்ப வராமப் போயிட்டார்.”

அவர் சுவரைத் தடவிக்கொண்டு சமையலறை வாசல் வரைக்கும் வந்தார். அவள் நிற்கிற இடம் அவருக்கு நிழலாகத் தெரிந்திருக்க வேண்டும். தண்ணீர் வற்றுது என்றார். அடுப்பை அணைத்தாள். ரொம்ப நேரம் கழித்து, அந்தக் கிடங்கு எங்கே இருக்கிறது தெரியுமா என்று கேட்டார். தெரியாது, விசாரிக்கலாம் என்றாள். நாளைக்குப் போவோம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பஸ் மாறிப் போனார்கள். ஊருக்கு வெளியே லாரிகள் வரிசையாக நிற்கிற தார் ரோடு. கிடங்குச் சுவர் நீளமாகப் போனது, நடுவில் ஒரு கேட். கேட்டுக்குக் குறுக்கே இரும்புக் குழாய், அதன் ஒரு முனையில் கல்லைக் கட்டியிருந்தார்கள், மறுமுனையில் கயிறு. லாரி வந்தால் கயிற்றைத் தளர்த்த வேண்டும், கல்லின் கனத்தில் குழாய் தானே மேலே போகும். போன பிறகு கயிற்றை இழுத்து இறக்க வேண்டும். பெரியப்பாவின் உள்ளங்கை காய்த்துப்போயிருந்ததற்குக் காரணம் அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

அவர் இவர்களைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார். சாரே வந்திருக்கிறாரே என்று சந்தோஷப்பட்டாலும், பேச்சு என்று வந்தபோது பிடி கொடுக்கவில்லை. சார் மேல வருத்தமில்லை, இந்த வயசில் படிப்பு மண்டையில் ஏறாது என்று வீட்டிலும் சொன்னார்கள், அது சரியாகிவிட்டது என்றார். இரண்டு டிரைவர்கள் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“உன் தாளை நான் திருத்தவே இல்லை” என்றார் வாத்தியார்.

“தெரியும் சார். நேத்து சாயங்காலம் மறுபடி போன் பண்ணி, அம்மா தெரியாம அட்டையை மாத்திட்டாங்கன்னு பிரின்சிபால் சொன்னார்.”

“அவ மாத்தல. நான் தப்பா சொன்னேன், அவ நான் சொன்னதை எழுதினா. எனக்குக் கண்ணு தெரியாது. போன மழைக்காலத்துலேர்ந்தே தெரியாது. வரிசை மாறினதை ஒட்டியிருந்தாங்களாம், எனக்கு அந்தப் பலகையே தெரியாது.”

டிரைவர்கள் இந்தப் பக்கம் திரும்பினார்கள். பெரியப்பா வாத்தியாரின் முகத்தையே பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார்.

“அப்போ நான் போர்டுல எழுதறப்ப, நடுவுல ஒரு தடவை நிறுத்தி, மறுபடி பாருன்னீங்களே சார். தப்பு அங்கதான் இருந்துச்சு.”

“பின்னாடி பசங்க சிரிச்சாங்க. அதை வெச்சுதான் தெரிஞ்சுது.”

பெரியப்பா தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியும் அவருக்கு ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. எல்லாருக்கும் தப்பாகப் போட்டார்கள், சரி. ஆனால் தான் உண்மையிலேயே தப்பாகவும் எழுதியிருக்கலாம் அல்லவா, அது யாருக்குத் தெரியும் என்றார்.

“நியாயம்” என்றார் வாத்தியார். “இப்பவே பார்த்துடலாம். இந்தா, நீ படி.”

அவள் திடுக்கிட்டாள். கைப்பையிலிருந்து கேள்வித்தாளை எடுக்கச் சொல்கிறார் என்று நினைத்தாளே தவிர, படிக்கச் சொல்வார் என்று நினைக்கவில்லை. எழுத்துக் கூட்டித்தான் வரும் என்றாள். கூட்டியே படி, எனக்குப் புரியும் என்றார். தார் ரோட்டு வெயிலில் நின்றுகொண்டு, விரலால் தடவித் தடவி அவள் படிக்க ஆரம்பித்தாள். “இஃப்... இட்... ரெயின்ஸ்...”

ஒற்றைக் கோட்டில் தொடங்குகிற அந்த வரி அதுதான்.

“மழை பேஞ்சா வீட்டுலயே இருப்போம்” என்றார் பெரியப்பா. “எப்போ இருப்போம்னு சொல்லுது. அட்வெர்ப்.”

“சரி.”

லாரி ஒன்று வந்தது. கயிற்றைத் தளர்த்தி, லாரி எண்ணைக் குறித்து, குழாயை இறக்கிவிட்டு வந்தார். அடுத்தது. அவன் எப்போது வருவான் என்று யாருக்கும் தெரியாது என்பது. ‘எப்போ’ என்று வந்தாலும் அவர் ஏமாறவில்லை. “என்ன தெரியாதுன்னு கேட்டா பதில் வருது சார். நௌன்.” சரி என்றார் வாத்தியார். அதற்கடுத்தது நான் பிறந்த வீடு இது என்கிற வாக்கியம், இங்கிலீஷில் அதன் நடுவில் ‘எங்கே’ வரும். பெரியப்பா யோசித்தார்.

“எங்கேன்னு வருது. அட்வெர்ப்.”

“தப்பு” என்றார் வாத்தியார். “எந்த வீடுன்னு சொல்லுது. அட்ஜெக்டிவ். சட்டையைப் பார்த்து ஏமாந்துட்டே.”

தப்பு என்றதும் பெரியப்பாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதுவரை கடமைக்குப் பதில் சொன்ன மனிதர் கிட்டே நகர்ந்து வந்தார். பாவம் பார்க்கிற ஆள் தப்பு என்று சொல்வானா என்ற கணக்கு அவருக்குள்ளே ஓடியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தால், “இருப்பா, ஒரு வாக்கியம்” என்று கையைக் காட்டினார். அவள் விரலை மடக்கித் தப்புகளை எண்ணிக்கொண்டாள்.

பாதிக்கு மேல் போனபோது அவள் ஒரு நீளமான வரியில் மாட்டிக்கொண்டாள். “ஷி வாஸ்... ஸோ... டயர்ட்... தட்... ஷி குட்... நாட்... ஸ்டேண்ட்.” அவளுக்கு அர்த்தம் தெரியவில்லை. படித்துவிட்டு நிமிர்ந்தாள். பெரியப்பா அவள் நிற்பதைப் பார்த்தார்.

“எவ்வளவு அசதின்னா, அவளால நிக்க முடியல” என்று பெரியப்பா மெதுவாகச் சொன்னார். “அசதியோட அளவைச் சொல்லுது சார். அட்வெர்ப்.”

“சரி” என்றார் வாத்தியார்.

பெரியப்பா காவல் கூண்டுக்குள் போய்த் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து சுவரின் நிழலில் போட்டார். ஒரு கையில்லாத பிளாஸ்டிக் நாற்காலி, மேலே மடித்த சாக்கு. உக்காருங்கம்மா என்றார். பரவாயில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லாமல் உட்கார்ந்தாள். மீதி வாக்கியங்களை உட்கார்ந்துகொண்டே படித்தாள்.

முடித்தபோது மடங்கியிருந்தது எட்டு விரல். எட்டுத் தப்பு, மற்றதெல்லாம் சரி. பெரியப்பா அதை இரண்டு தடவை கேட்டு வாங்கிக்கொண்டார். தொப்பியைத் தலையில் வைத்து, எடுத்து, மறுபடி வைத்தார்.

“நாளைக்கு நாலு மணிக்கு ஷிப்ட் முடியுது சார். நேரா வந்துடறேன்.”

“வா. நானும் அப்பத்தான் பிரின்சிபால்கிட்ட பேசணும்” என்றார் வாத்தியார். “கண்ணைப் பத்தி.”

“அப்புறம் வேலை?” என்றார் பெரியப்பா.

“அதாவது” என்று ஆரம்பித்தவர், தாகமாக இருக்கிறது என்றும் முகம் கழுவ வேண்டும் என்றும் சொன்னார். அவள் வழக்கப்படி எழுந்திருக்கப் போனாள்.

“நீங்க இருங்கம்மா” என்றார் பெரியப்பா. உள்ளே தூரத்தில் இருக்கிற குழாயைக் காட்டி, காய்த்துப்போன கையை வாத்தியாரின் முழங்கைக்குக் கீழே கொடுத்தார். “வாங்க சார். இங்க ஒரு படி இருக்கு.”

இரண்டு பேரும் போவதை அவள் பார்த்தாள். வாத்தியார் முதல் இரண்டு அடி தயங்கினார், பிறகு நடை சரியாகிவிட்டது. இத்தனை மாதங்களில் அவர் நடப்பதை அவள் தள்ளியிருந்து பார்த்ததே இல்லை. தோள் ஒரு பக்கம் சாய்ந்து, வயசாகிப்போய்த் தெரிந்தார். நாளைக்கு வேலை போகும், அதற்கப்புறம் என்ன என்று நினைக்கப் பார்த்தாள். நினைப்பு ஓடவில்லை. காலை நீட்டினாள். கெண்டைக்காலின் முடிச்சு மெல்ல மெல்ல அவிழ்ந்தது.

லாரி ஒன்று வந்து குழாயின் முன்னால் நின்றது. டிரைவர் ஹாரன் அடித்தான். கயிறு அவள் கைக்கெட்டுகிற தூரத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் தலையை வெளியே நீட்டி, அம்மா, அதைக் கொஞ்சம் அவிழ்த்து விடுங்களேன் என்றான்.

“அவர் வருவார், இருப்பா” என்றாள் அவள். எழுந்திருக்கவில்லை.